இரண்டரை விநாடியா, இரண்டு மணி நேரமா?

தைப்பூசத்தன்று ஈப்போவில் காவடிகள் சென்றுசேரும் கல்லுமலைக் கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோயிலையொட்டி நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றின் பெயர் குனோங் சீரோ. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி, அந்தக் குன்றின் முகத்திலிருந்து பெரும் பாறைப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் எடை இருபதாயிரம் டன்னுக்கும் மேல். குன்றின் அடியில் இருந்த குடியிருப்பு நசுங்கியது. சுமார் 40 பேர் உயிரிழந்தனர்.

அவர்களுக்குத் தப்பிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? படிவம் 4 இயற்பியலில் வரும் தடையற்ற விழுச்சிக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு கல் 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். உயரத்தை இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் விழும் நேரம் கிடைக்கும். விடை 2.47 விநாடி. தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 24 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர். பாறையின் தாழ்ந்த பகுதிகள் இன்னும் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும்.

சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, என்னவென்று புரிந்துகொள்ளவே ஒரு விநாடி போய்விடும். மிஞ்சுவது ஒன்றரை விநாடி. உங்கள் பள்ளியின் சிறந்த ஓட்டக்காரரும் நின்ற இடத்திலிருந்து கிளம்பி அதற்குள் பத்து மீட்டரைத் தாண்ட முடியாது. வீட்டுக்குள் படுத்திருப்பவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பேரிடர் ஆயத்தம் என்றதும் கைவிளக்கு, பிஸ்கட், முதலுதவிப் பெட்டி என்று ஒரு நீண்ட பட்டியல் நம் நினைவுக்கு வரும். பள்ளிச் சுவரொட்டிகளிலும் அதுதான் இருக்கும். குனோங் சீரோ குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? ஆகவே பட்டியலுக்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது: ஆபத்து நம்மை வந்தடைவதற்கு முன் எவ்வளவு நேரம் கிடைக்கும்? இதை முன்னறிவிப்பு நேரம் என்பார்கள். பேராக் மாநிலத்தில் இந்த நேரம் சில இடங்களில் விநாடிகள், சில இடங்களில் நிமிடங்கள், சில இடங்களில் மணிகள். செய்ய வேண்டிய வேலையும் அதற்கேற்ப மாறும்.

விநாடிகள்: கல் ஏன் விழுகிறது?

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல், 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்தது. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்ற, அது நீரில் கரைந்து போய்விடுகிறது. குகைகள் உருவாவது இப்படித்தான். கோப்பெங் அருகே உள்ள குவா தெம்புரோங் குகைக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள், இதே வேலையின் அழகான பக்கத்தைப் பார்த்திருப்பார்கள்.

அழகில்லாத பக்கமும் உண்டு. பாறையின் செங்குத்துப் பிளவுகளில் நீர் இறங்கி அவற்றை அகலப்படுத்துகிறது. மர வேர்கள் பிளவுக்குள் ஆப்பு போல நுழைகின்றன. குன்றின் அடியில் தேங்கும் சதுப்பு நீர், பாறையின் பாதத்தைக் கரைத்து உள்வாங்க வைக்கிறது. பின்பக்கம் பிளவு, கீழே பிடிமானம் இல்லை. இந்த நிலையில் ஒரு பாறைப் பலகை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் நிற்கலாம். பிறகு ஒரு நாள் விழலாம். மண் அடைத்த பிளவு ஒன்றில் 10 மீட்டர் உயரத்துக்கு மழைநீர் தேங்கினால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து டன் எடை அழுத்துவதற்குச் சமமான விசை பாறையை வெளியே தள்ளும். பேராக் உள்ளிட்ட மேற்குக் கரைப் பகுதிகளில் ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை அதிகம் என்பதை இத்துடன் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

விழும் கல் நேர்க்கோட்டில் இறங்கி அங்கேயே நின்றுவிடாது. உடைந்து, துள்ளி, உருண்டு ஓடும். எவ்வளவு தூரம்? புவியியலாளர்கள் ஒரு கோணத்தைப் பயன்படுத்துகிறார்கள். கல் உருண்டு நின்ற இடத்திலிருந்து அது கழன்ற இடத்தை அண்ணாந்து பார்க்கும் கோணம் அது. பல இடங்களில் இது சுமார் 30 பாகை அளவில் வருகிறது. 60 மீட்டர் உயரத்தில் கழலும் கல்லுக்கு, 60ஐ டேன்ஜென்ட் 30ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 104 மீட்டர். ஒரு கால்பந்துத் திடலின் நீளம்!

இந்தக் கோணத்தை நீங்களும் அளக்கலாம். பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டுங்கள். நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்க விடுங்கள். வீட்டு வாசலில் நின்று ஸ்ட்ரா வழியாகக் குன்றின் உச்சியைப் பாருங்கள். நூல் காட்டும் எண்ணுக்கும் 90க்கும் உள்ள வித்தியாசமே நமக்கு வேண்டிய கோணம். அது 30க்கு மேல் இருந்தால், உங்கள் வீடு கல் வந்து விழக்கூடிய எல்லைக்குள் இருக்கலாம். 30க்குக் கீழே வந்தால் ஆபத்தே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும் சரிவுகள் அதையும் தாண்டி ஓடியிருக்கின்றன. இது தோராயம்தான். முறையான அளவை ஆய்வாளர்கள் குன்றுக்குக் குன்று தனியே எடுக்கிறார்கள். அளப்பதற்காகக் குன்றின் அடிக்குப் போய் நிற்கவே வேண்டாம்.

சாம்பல் நிறப் பாறை முகத்தில் திடீரெனத் தெரியும் வெளிறிய தழும்பு, அடியில் புதிதாகக் கிடக்கும் கூர்மையான துண்டுகள், மண்ணில் புதிய வெடிப்பு, சாய ஆரம்பித்த மரம் இவையெல்லாம் குன்று சொல்லும் செய்திகள். தூரத்திலிருந்து தேதியுடன் படம் எடுத்து, பெற்றோர் மூலம் மாநகர் மன்றத்துக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ கனிமம், புவி அறிவியல் துறைக்கோ அனுப்பலாம். அந்தத் துறையின் புவியியல் அருங்காட்சியகம் ஈப்போ ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில்தான் இருக்கிறது. பாறைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள நல்ல இடம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையடியில் குடியிருப்பவர் யாரும் ஆசைப்பட்டு அங்கே போவதில்லை. வேறெங்கும் வாடகை கட்டுப்படியாகாதவர்கள்தான் அங்கே ஒதுங்குகிறார்கள். இரண்டரை விநாடி ஆபத்துக்கான வேலை, அங்கே முதல் தூணை நடும் முன்பே, திட்ட அனுமதி தரும் மேசையில் நடக்க வேண்டியது. அதைக் குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

நிமிடங்கள்: ஆறு சட்டென்று வற்றினால்

1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி மாலை, கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தை ஆறு அடித்துச் சென்றது. அது வெறும் தண்ணீர் அல்ல. மண், பாறை, முழு மரங்கள் எல்லாம் கலந்த குழம்பு. 44 பேர் மாண்டனர்.

மலைக்காட்டில் கனமழை பெய்யும்போது சரிவுகள் இடிந்து ஓடையில் விழும். மரங்களும் சேறும் சேர்ந்து தற்காலிக அணை போல நீரைத் தடுக்கும். அந்த அணை உடைந்தால் பின்னால் தேங்கிய அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கும். தெளிந்த நீரைவிட அடர்த்தி அதிகம் என்பதால், இந்தக் குழம்பு ஆள் உயரப் பாறைகளையும் உருட்டி வரும். தடுப்பு இல்லாமல், மேலே பெய்த மழைநீர் மட்டும் திடீரென இறங்கி வருவதை மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள். அருவிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாகக் குளிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய சொல் அது.

இங்கே கணக்கு வேறு. குழம்பின் முனை உங்களுக்கு ஒரு கிலோமீட்டர் மேலே இருக்கிறது, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பது 200 விநாடி, அதாவது மூன்று நிமிடமும் இருபது விநாடியும். பை கட்ட அது போதாது. மேட்டில் ஏறப் போதும், ஏற வேண்டிய இடம் எதுவென்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்!

திசை முக்கியம். ஆற்றோடு சேர்ந்து கீழ்நோக்கி ஓடினால், உங்களைவிட வேகமான ஒன்றோடு பந்தயம் விடுகிறீர்கள். ஆற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏற வேண்டும். அறிகுறிகளில் ஒன்று பலரை ஏமாற்றிவிடும்: மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, ஆற்றின் நீர்மட்டம் சட்டென்று குறைவது. நல்லவேளை, வடிகிறது என்று தோன்றும். உண்மையில் மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கலாம். நீர் திடீரெனச் செம்மண் நிறமாவது, இலைதழைகள் மிதந்து வருவது, லாரி ஓடுவது போன்ற உறுமல் கேட்பது ஆகியவையும் உடனே கிளம்பச் சொல்லும் அறிகுறிகள்.

மணிகள்: வெள்ளம்

கிந்தா ஆறு தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போ, பத்து காஜா வழியாகச் சென்று பேராக் ஆற்றில் கலக்கிறது. மலையில் பெய்த மழை சமவெளிக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் பரிசு.

வடிகால் நீர்ப்பாசனத் துறை ஒரு மணி நேர மழையை நான்கு வகையாகப் பிரிக்கிறது: 10 மில்லிமீட்டர் வரை இலேசான மழை, 30 வரை மிதமானது, 60 வரை கனமழை, அதற்கு மேல் மிகக் கனமழை. 60 மில்லிமீட்டர் என்றால் விரல் நீளம்தானே என்று தோன்றலாம். 100 சதுர மீட்டர் கூரையில் அந்த மழை விழுந்தால் 6,000 லிட்டர், அதாவது ஆறு டன். ஒரு சதுர கிலோமீட்டர் குடியிருப்பில் விழுந்தால் 60,000 டன். அத்தனையும் உங்கள் வீட்டுக்கு முன் ஓடும் கால்வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தக் கால்வாயில் ஒரு பழைய மெத்தை கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே துறையின் வெள்ளத் தகவல் இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தைப் பார்க்கலாம். இயல்பு நிலைக்கு மேலே வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்று மூன்று படிகள் உண்டு. வாஸ்பாடா என்றால் விழிப்பாயிரு. அமாரான் என்றால் பையை வாசலுக்குக் கொண்டுவா. பஹாயா வருவதற்குள் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. இந்த விளக்கம் துறையுடையது அல்ல, ஒரு குடும்பம் தனக்கு வைத்துக்கொள்ளத்தக்க விதி.

பையில் என்ன வைப்பது? நீண்ட பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. முப்பது பொருள் எழுதினால் முதல் மாதம் வாங்குவோம், மூன்றாம் மாதம் மறந்துபோவோம். முதலில் பத்திரங்கள். அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம். நம் தோட்டப்புறக் குடும்பங்களில் பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் அடையாள அட்டைக்கும் பள்ளிக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. வெள்ளத்தில் நனைந்த சோபாவை மறுபடி வாங்கலாம். ஆகவே பத்திரங்களைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து வேறு ஊரில் இருக்கும் அத்தைக்கோ மாமாவுக்கோ அனுப்பியும் வையுங்கள்.

அடுத்து மருந்து. தாத்தா பாட்டிக்கு நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது இருக்க வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் தாளில் எழுதியிருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர் இருந்தால், திறந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டி இல்லாமல் எத்தனை நாள் வைக்கலாம் என்று மருந்தாளுநரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும். குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் 45 லிட்டர், 45 கிலோ. தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதை வீட்டின் உயரமான இடத்தில் வைப்பதே புத்திசாலித்தனம்.

கிளம்பும் முன் எரிவாயுக் கலனின் அடைப்பானை மூட வேண்டும். சமையல் எரிவாயுவில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகப் படரும். கலன் வெள்ளத்தில் மிதந்து குழாய் பிய்ந்தால், திரும்பி வந்து விளக்கைப் போடும் நொடியில் வெடிக்கலாம். மின்சாரப் பிரதான விசையை, நிற்கும் தரை உலர்ந்திருந்தால் மட்டும் அணையுங்கள். கால் தண்ணீரில் இருந்தால் தொடவே வேண்டாம்.

'கொஞ்சம் தண்ணிதானே, காரை ஓட்டிடலாம்' என்று சொல்லும் பெரியவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்காக ஆர்க்கிமிடிசை அழைப்போம். ஒரு சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் 6.4 சதுர மீட்டர், எடை சுமார் 1,000 கிலோ. காரின் அடித்தட்டுக்கு மேல் நீர் 16 சென்டிமீட்டர் ஏறினால், விலக்கப்படும் நீர் 1,024 கிலோ. கார் மிதக்கத் தொடங்கிவிடும். அடித்தட்டே தரையிலிருந்து 16 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், சாலையில் 32 சென்டிமீட்டர் நீர் போதும். ஒரு நீண்ட ரூலர் அளவு! காருக்குள் நீர் புகுந்தால் மிதப்பது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். டயர் பிடிப்பு இழந்த காரை ஓட்டுவது யார்? ஆறுதான்.

யார் யாரை எண்ணுவது?

1993 டிசம்பர் 11ஆம் தேதி சிலாங்கூரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டனர். அதன் பிறகுதான் நம் நாட்டில் பேரிடர் நிர்வாகம் ஒழுங்குக்கு வந்தது. 1994இல் ஸ்மார்ட் என்னும் சிறப்பு மீட்புக் குழு அமைந்தது. 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு, யார் எதற்குப் பொறுப்பு என்று வரையறுத்தது. 2014 இறுதியில் கிழக்குக் கரை மாநிலங்களைப் புரட்டிப்போட்ட வெள்ளத்துக்குப் பிறகு, 2015 அக்டோபரில் நட்மா எனப்படும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் பிறந்தது. மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என மூன்று படிகளில் குழுக்கள் உண்டு. உங்களுக்கு நெருக்கமானது மாவட்டக் குழு. அதன் தலைவர் மாவட்ட அதிகாரி. தீயணைப்பு மீட்புத் துறை, போலீஸ், மருத்துவமனை, சமூக நலத் துறை, பொதுத் தற்காப்புப் படை எல்லாம் அந்த மேசையில் அமர்கின்றன.

மேசை சரிதான். அதன் மேல் வைக்க ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டுமே! பழைய ரப்பர் தோட்டத்தில் அது இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவார். எந்த லயத்தில் எத்தனை பேர், யார் வேலைக்கு வரவில்லை, யாருக்குப் பிரசவ காலம் எல்லாம் தெரிந்துவிடும். அது நம்மவர் நலனுக்காக வைத்த கணக்கு அல்ல, பால் வெட்டுக்கு ஆள் எண்ணிய கணக்கு. ஆனாலும் ஓர் ஆள் காணாமல் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, மக்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு, அந்தக் கணக்கு நின்றுபோனது. பழைய லயத்தில் இன்னும் தங்கியிருக்கும் நான்கைந்து குடும்பங்கள் எவருடைய பட்டியலில் இருக்கின்றன?

இன்னொரு சிக்கல் முகவரி. 999ஐ அழைத்தால் எடுப்பவர் முதலில் கேட்பது இடம். பாட்டிக்குத் தெரிந்தது தோட்டத்தின் தமிழ்ப்பெயர். அது வரைபடத்திலும் இல்லை, தீயணைப்பு வண்டி ஓட்டுநருக்கும் தெரியாது. ஆகவே தொலைபேசிக்கு அருகில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டுங்கள்: தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிஷன், நுழைவுச் சாலையின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி. மலாயில் எழுதினால், பதற்றத்தில் யார் வேண்டுமானாலும் வாசித்துச் சொல்லலாம்.

எச்சரிக்கைச் செய்திகளும் பெரும்பாலும் மலாயில்தான் வருகின்றன. தானா ருந்தோ என்றால் நிலச்சரிவு, பிண்டா என்றால் இடம் பெயர், பூசாட் பெமிண்டாஹான் என்றால் போய்த் தங்க வேண்டிய நிவாரண மையம். வீட்டில் மலாய் சரளமாக வாசிப்பவர் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் நீங்கள்தான். அந்த நேரத்தில் உங்கள் வீட்டின் பேரிடர் அதிகாரியும் நீங்களே.

இந்த வாரப் பயிற்சி

உங்கள் வரிசையில் உள்ள பத்து வீடுகளுக்கு ஒரு பெரட்டுப் பட்டியல் தயாரியுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், தனியாக இருப்பவர் யார், யாரிடம் வாகனம் உண்டு என்று பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக் கேட்டு எழுதுங்கள். குடியிருப்பாளர் சங்கத் தலைவரிடமோ கோயில் தலைவரிடமோ ஒரு பிரதியைக் கொடுங்கள். பொதுவில் ஒட்ட வேண்டாம். யார் தனியாக இருக்கிறார்கள் என்பது திருடனுக்கும் பயன்படும்.

பிறகு வீட்டில் நேரம் அளந்து பாருங்கள். ஒருவர் 'கிளம்பு' என்று சொல்ல, பத்திரப் பையுடன் எல்லோரும் நீங்கள் தேர்ந்தெடுத்த மேட்டு இடத்தை அடைய எவ்வளவு ஆகிறது? பகலில் ஒரு முறை, இரவில் விளக்கில்லாமல் ஒரு முறை, மழையில் ஒரு முறை செய்து, ஒவ்வொன்றையும் அந்த 200 விநாடியோடு ஒப்பிடுங்கள். பாட்டியை நாற்காலியில் விட்டுவிட்டு அளந்த நேரம் செல்லாது.